கண்ணாடிப் பெட்டியில் மூன்று குதிரைத் தலைகள்

டீலியா கான்சிடைனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அயர்லாந்தில் எங்கள் கிளேர் பக்கம் சுற்றுலா வந்த யாராவது உங்களுக்கு ஒரு சமையலறைத் துண்டு வாங்கி வந்திருந்தால், அதில் நரைத்த கொண்டையும் மடியில் வாத்தியமும் மூடிய கண்களுமாக ஒரு பெண் இருப்பாள். அவள்தான். காப்பிக் கோப்பையிலும் இருப்பாள், சாவி வளையத்திலும் இருப்பாள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஆகா, என்ன சாந்தமான முகம் என்று சொல்லாதவர் கிடையாது. சாந்தமாம்! நாற்பது வருஷம் கூடப் பழகியவள் சொல்கிறேன், கில்பிராக் கிராமத்திலேயே அவளைப்போல வாய்த்துடுக்கு யாருக்கும் கிடையாது. படம் எடுத்த அன்று அவளுக்குப் பல்வலி. அதனால்தான் கண்ணை மூடியிருந்தாள்.

என் பெயர் ரீட்டா. டால்ட்டி பப்பின் சமையலறையில் பத்தொன்பது வருஷம் மீன் சூப் வைத்தேன், சோடா ரொட்டி சுட்டேன். இப்போது அங்கே வேலையில் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். கோபக்காரி என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். கோபக்காரிதான். கோபம் வர வேண்டிய இடத்தில் வராமல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

டீலியா பிறந்தது மலைமேல், ஒன்பது பசு வைத்திருந்த ஒரு வீட்டில். அவள் வாசிப்பது கான்சர்ட்டினா. ஆர்மோனியத்தைச் சுருக்கி இரண்டு உள்ளங்கைக்குள் அடக்கியதுபோல இருக்கும். எங்கள் பக்கம் அது பெண்கள் வாத்தியம். ஈரம் பட்டால் குரல் கட்டிக்கொள்ளும் என்று அடுப்புச் சுவரில் உப்பு வைக்கிற பொந்துக்குள் அதையும் வைப்பார்கள். டீலியாவின் அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்த கையோடு எடுத்து வாசிப்பாளாம், பொத்தான்களில் எல்லாம் மாவு அப்பியிருக்குமாம். ஆனால் வாசித்ததெல்லாம் வீட்டுக்குள்ளேயே. பப்பில் உட்கார்ந்து வாசிப்பது ஆண்கள் காரியம். பெண்களுக்கு வாசலை ஒட்டிக் கதவு போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. அதற்குள் நுழைந்து ஒரு கிளாஸைக் குடித்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

டீலியாவுக்கு இருபத்துமூன்று வயதிருக்கும்போது, கல்யாணமாகி நாலாவது மாசம், வாத்தியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகப் பெரிய அறைக்குள் போனாள். அப்போது முதலாளி பெரிய டால்ட்டி, இப்போதைய முதலாளியின் தாத்தா.

"பொம்பளைங்களுக்கு அந்த ரூம் இருக்கும்மா," என்றார் அவர்.

"அந்த ரூம்ல அடுப்பு இருக்கா?"

"அடுப்பு கிடையாது."

"அப்ப என் வாத்தியத்துக்குக் குளிரும்," என்று சொல்லிவிட்டு, அடுப்புக்குப் பக்கத்திலிருந்த பெரிய கறுப்புக் கல்மேல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மூணு மெட்டு வாசிக்கறேன். நல்லா இல்லைன்னா துரத்துங்க."

துரத்தவில்லை. நாற்பத்தேழு வருஷம் அதே கல்மேல் அதே நாற்காலி.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அதில்தான். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் அடுப்போரம் ஆடுவதற்கென்று ஒரு பெரிய பலகைக்கல் போட்டிருப்பார்கள். வெறும் மண்மேல் போட்ட கல்லைக் குதிகாலால் தட்டினால் தொப்பென்று இருக்கும். அதனால் அடியில் குழி தோண்டிக் குதிரை மண்டையோடுகளை வைத்து மூடுவார்கள். சத்தம் உள்ளே போய்ச் சுற்றிவிட்டு மேலே வரும், கல் கணீரென்று பேசும். நம் வீட்டுக் குதிரை செத்தால் அதன் தலையை இந்த ஆடும் கல்லுக்குக் கொடுப்பது ஒரு கௌரவம். டால்ட்டி பப்பின் கல்லுக்கு அடியில் மூன்று தலைகள் இருந்தன. மோலி என்பது டீலியாவின் புருஷன் வீட்டுக் குதிரை. பிரின்ஸ் என் அம்மா வீட்டுக் குதிரை. மூன்றாவது டால்ட்டி குடும்பத்துடையது, அதற்குப் பெயர் வைத்தார்களோ இல்லையோ, தெரியாது.

டீலியா பிழைப்புக்குப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினாள். முப்பத்தோரு வருஷம். பிரேக்கை மிதிக்கிற காலும் தாளம் போடுகிற காலும் ஒன்றுதான் என்பதால், அந்தப் பஸ்ஸில் போன பிள்ளைகளுக்கெல்லாம் ஆடி ஆடிப் போய்தான் பழக்கம். கிராமத்தில் இன்றைக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும் எல்லாரையும் அவள் ஏற்றி இறக்கியிருக்கிறாள். புருஷன் செத்த வாரம்கூட லீவு போடவில்லை. ஞாயிறும் செவ்வாயும் மதியத்துக்குமேல் பப்புக்கு வருவாள். மர்ட்டி பிடிலோடு வருவான், ஜோசி மரப் புல்லாங்குழலோடு வருவான். மூன்று பேரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க வட்டமாக, எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார்கள். அது கச்சேரி இல்லை. ஒருவரோடு ஒருவர் வாசிப்பது. கேட்கிறவன் கேட்கலாம், அவ்வளவுதான். அடுத்து என்ன மெட்டு என்று யாரும் சொல்வதும் இல்லை, கேட்பதும் இல்லை. ஒரு மெட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மர்ட்டி குதிகாலால் கல்லில் இரண்டு தட்டுத் தட்டுவான். அதுதான் மற்றவர்களுக்குச் சைகை.

எவனோ ஒரு போட்டோக்காரன் அவள் படத்தை எடுத்துப் பயணப் பத்திரிகையில் போட்டானா, அன்றிலிருந்து பஸ் பஸ்ஸாக வர ஆரம்பித்தார்கள். கோடையில் கதவைத் திறந்தால் உள்ளே நிற்க இடமிருக்காது. மூன்று பேர் பேசாமல் வாசித்துக்கொண்டிருப்பார்கள், அறுபது பேர் அதன்மேல் கத்திக்கொண்டிருப்பார்கள். அதையும் சகித்துக்கொண்டார்கள். கல் இருந்தது, அடுப்பு இருந்தது, முதுகு அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை டீலியா சமையலறையில் என்னோடு டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு தட்டுகள் அலமாரியிலிருந்து சரிந்து விழுந்து சுக்குநூறாயின. நான் அலறிவிட்டேன். அவள் திரும்பவே இல்லை. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் திரும்பினாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன். என் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"ஒரு வருஷமிருக்கும். யார்கிட்டயாவது மூச்சு விட்டே, உன் நாக்கை அறுத்து உன் சூப்லயே போட்டுடுவேன்."

"காதுக்கு மெஷின் மாட்டிக்கலாமே, டீலியா."

"மாட்டிப் பாத்துட்டேன். ஸ்பூன் சத்தம் கேக்குது, நாற்காலி இழுக்கறது கேக்குது, ஊர்பேர் தெரியாதவன் இளிக்கறது கேக்குது. மர்ட்டி பிடில் மட்டும் கேக்கல."

"அப்பறம் எப்படித்தான் வாசிக்கறே?"

அவள் காலை நீட்டிக் காட்டினாள். தேய்ந்து தேய்ந்து காகிதமாகிப்போன செருப்புத் தோல். "இங்க கேக்குது. அவனுங்க ரெண்டு பேரு காலும் அந்தக் கல்லுமேலதானே இருக்கு? தட்டற தட்டு அப்படியே எலும்புல ஏறுது. மீதியெல்லாம் விரலுக்குத் தெரியும்."

"மர்ட்டிகிட்டயாவது சொல்லு."

"சொன்னா மெதுவா வாசிப்பான். எனக்காக. பாவம் பாத்து ஒருத்தன் எனக்கு மெதுவா வாசிக்கறதுக்கு, நான் பெட்டியை மூடிட்டுக் கோழி மேய்க்கப் போலாம்."

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனாள். நானும் செய்து தொலைத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஃபின்டன் டால்ட்டி ஊருக்கு வந்தான். பெரிய டால்ட்டியின் பேரன், டப்ளினில் ஓட்டல்களில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவன். சித்தப்பா செத்துப்போக பப் அவன் கைக்கு வந்தது. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். ஏழு வயதில் டீலியாவின் பஸ்ஸில் வாந்தி எடுத்து, அவள் சால்வையாலேயே துடைத்துவிடப்பட்டவன். அவளைப் பார்த்தால் எழுந்து நிற்பான். துண்டில் அவள் படம் போட்ட யோசனை அவனுடையதுதான். முதல் துண்டை ரிப்பன் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் அதில் நாயைத் துவட்டினாள்.

போன பிப்ரவரியில் வேலை நடக்கிறது என்று பப்பை ஆறு வாரம் மூடினான். என் மகளுக்குக் கால்வேயில் பிரசவம், நான் அங்கே போய்விட்டேன். டீலியா எட்டிப்பார்க்கப் போனபோது ஜன்னலெல்லாம் துணியால் மூடி, "உங்களுக்குத்தான் சர்ப்ரைஸ், டீலியா! இப்பப் பாக்கக் கூடாது!" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறான்.

ஏப்ரலில் திரும்பி வந்து, மறுநாள் திறப்பு என்றிருந்த சனிக்கிழமை காலை சமையலறைக்குப் போகிற வழியில் அதைப் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

தரை முழுக்கப் புதுசு. பழுப்புக் கம்பளம். கோடியில் ஒரு கான்கிரீட் மேடை, அதன்மேலும் கம்பளம், வாசலைப் பார்த்து வரிசையாக மூன்று உயரமான ஸ்டூல்கள், மூன்று மைக்குகள். அடுப்போரத்தில் டீலியாவின் நாற்காலி. அதைச் சுற்றிப் பித்தளைத் தூண் நட்டுச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. பலகையில் "டீலியாவின் மூலை. தயவுசெய்து உட்காராதீர்கள்." அதற்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி, கீழிருந்து விளக்கு, உள்ளே மூன்று குதிரைத் தலைகள். அதற்கும் ஒரு பலகை: "பண்டைக் காலப் பலிச் சடங்கின் எச்சம். ஆண்டு தெரியவில்லை."

ஆண்டு தெரியவில்லையாம்! பிரின்ஸ் செத்தது என் அம்மா பிறந்த வருஷம், வைக்கோல் வண்டியில் பூட்டும்போது, சனிக்கிழமை. எந்த வயலில் விழுந்தது என்றுகூடச் சொல்வேன். பலியாம் பலி! அந்தக் குதிரைக்காக என் தாத்தா மூன்று நாள் சாப்பிடவில்லை.

"ஃபின்டன், கல்லு எங்கே?" என்றேன்.

"பின்னாடி தோட்டத்துல. சிகரெட் பிடிக்கறவங்களுக்கு மேசையா போட்டிருக்கேன். சூப்பரா இருக்குல்ல?"

"எதுக்கு எடுத்தே?"

"தரைக்கு அடியில ஹீட்டர் பைப் போகுது, ரீட்டா. குழியை வெச்சுட்டு என்ன பண்றது? அதோட, பஸ்ல வர்ற எல்லாரும் நெட்ல எழுதறது ஒண்ணுதான். முதுகுதான் தெரியுது, மூஞ்சி தெரியல, போட்டோ எடுக்க முடியலன்னு. இனிமே டீலியாவை எல்லாரும் பாக்கலாம். கால் தட்டற சத்தம்கூட மைக்ல வராது, அதுக்குத்தான் கம்பளம்."

அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சத்தியம் செய்திருந்தேனே! அடுப்பைப் பற்றவைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாக வண்டியை எடுத்துக்கொண்டு மலைமேல் டீலியா வீட்டுக்குப் பறந்தேன்.

கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவள் நான் சொன்னதையெல்லாம் என் வாயைப் பார்த்தபடி கேட்டாள்.

"கல்லு முழுசா இருக்கா?"

"இருக்கு. மேலே ஆஷ்ட்ரே."

"குழி?"

"கான்கிரீட் ஊத்தியாச்சு."

கையிலிருந்த தீனியை மொத்தமாகக் கீழே கொட்டினாள். "சரி. மர்ட்டி காலைக் கண்ணால பாத்துட்டு வாசிச்சுக்கறேன்."

"வரிசையா உட்கார வெச்சிருக்கான், டீலியா. எல்லாரும் வாசலைப் பாத்து. அவன் காலு உனக்குத் தெரியாது. நான் ஃபின்டன்கிட்ட சொல்லிடறேன்."

"சொன்னே, உனக்கும் எனக்கும் இதோட சரி," என்றாள். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் ஃபின்டன்மேல் வருகிற ஆத்திரத்தில் பாதி என்மேலேயே வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. வாசலில் இரண்டு பஸ். மழைக்கோட்டும் தொப்பியுமாக நூறு பேருக்குக் குறையாது. டீலியா நீலக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள், மேடை ஏறினாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கால் தரையில் எட்டவில்லை. குறுக்குக் கம்பியில் வைத்துக்கொண்டாள். மர்ட்டிக்கு ஒன்றும் தெரியாது, ஜோசிக்கும் தெரியாது. மைக்கைப் பார்த்து அவர்களுக்கே கூச்சம். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன்.

முதல் மெட்டு அவள் தொடங்கினது. நாற்பத்தேழு வருஷப் பழக்கம், விரல் பார்த்துக்கொண்டது. இரண்டு சுற்று முடிந்தது. மர்ட்டி குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினான், நான் பார்த்தேன். கம்பளம் அதை விழுங்கிவிட்டது. மர்ட்டியும் ஜோசியும் அடுத்த மெட்டுக்குத் தாவினார்கள். டீலியா பழையதையே வாசித்துக்கொண்டு போனாள்.

இரண்டு மெட்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. மர்ட்டி திடுக்கிட்டுத் திரும்பினான், அவள் மெட்டுக்கே திரும்பப் பார்த்தான். அதற்குள் ஜோசி எங்கோ போய்விட்டான். மூன்று பேரும் மூன்று திக்கில். டீலியா இன்னும் நேராக வாசலைப் பார்த்து, தலையை நிமிர்த்தி வாசித்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் யாரோ அவளுக்குப் பக்கவாட்டில் பார்ப்பதைக் கண்டு அவளும் திரும்பினாள். மர்ட்டியின் முகத்தைப் பார்த்தாள். கை நின்றுபோனது.

அப்போது கை தட்டினார்கள்.

ஆமாம், தட்டினார்கள்! விசிலடித்தார்கள், ஒருவன் மாடு ஓட்டுகிறவனைப்போல ஊளையிட்டான். ஒரு பெண் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த ஊரிலேயே ஒரு வாத்தியக்காரிக்கு இதைவிடப் பெரிய அவமானம் நடந்ததில்லை, அதற்கு நூறு பேர் கைதட்டல். அத்தனை பேரில் ஒருவருக்காவது காது இருந்ததா? அந்த அறையில் நடந்தது என்ன என்று காது கேட்காத அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

ஃபின்டன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "டீலியா கான்சிடைன்! இன்னும் பலமா!" என்று கூவினான்.

அவள் இறங்கினாள். வாத்தியத்தைக் கையில் பிடித்தபடி கூட்டத்துக்குள் நடந்து, அடுப்போரம் போய், சிவப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றிக் கீழே போட்டாள். தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே செல்போனும் கையுமாக ஒரு அம்மாள் ஓடி வந்தாள்.

"கொஞ்சம் எந்திரிச்சுக்கறீங்களா? டீலியாவோட நாற்காலியைப் போட்டோ எடுக்கணும். காலையிலேர்ந்து இதுக்காகத்தான் பஸ்ல வர்றோம்."

டீலியா அவள் உதட்டைப் பார்த்தாள். "எந்த டீலியா?"

"இதோ, இவங்க," என்று அந்த அம்மாள் தன் பையிலிருந்த துண்டை விரித்துக் காட்டினாள்.

டீலியா அந்தத் துண்டைச் சாவகாசமாகப் பார்த்தாள். "இவளுக்குப் பல்வலி," என்றாள்.

பிறகு இரண்டு காலையும் தரையில் ஊன்றினாள். குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினாள். இன்னொரு தட்டு. காத்திருந்தாள். பூட்டிக் கிடக்கிற வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்கிறவர்கள் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

ஃபின்டன் பதறிப்போய் ஓடி வந்தான். "என்ன ஆச்சு, டீலியா? மைக் சரியில்லையா? உடம்புக்கு முடியலையா?"

"எனக்குக் காது கேக்காது, ஃபின்டன்," என்றாள். காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில், அறை முழுக்க விழும்படி. "அஞ்சு வருஷமாச்சு. கல்லு வழியாத்தான் கேட்டுட்டிருந்தேன். இவனுங்க காலு அதுல, என் காலும் அதுல. நீ என் காதைத் தோண்டியெடுத்துக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுட்டே. கீழே லைட் வேற போட்டிருக்கே."

மேடையில் மர்ட்டியின் கையில் பிடில் தொங்கியது. அப்போது, சத்தியமாகச் சொல்கிறேன், பின்வரிசையில் ஒரு மனிதர் இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துக் கை தட்டினார்.

ஃபின்டனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. கரண்டியோடு உள்ளே போனேன். "நீ கேட்டியாடா? நாற்பத்தேழு வருஷம் ஒருத்தி உட்கார்ந்த இடத்தைத் தோண்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டியா? துண்டுல அவ மூஞ்சியைப் போடக் கேட்டியா? அவளைப் பாக்கத்தானே இத்தனை பேரையும் கூட்டிட்டு வந்தே? அவளை எழுப்பிட்டு அவ நாற்காலியைப் போட்டோ எடுக்கறாங்க. வெக்கமா இல்ல உனக்கு?"

"ரீட்டா, கெஸ்ட் எல்லாம் இருக்காங்க..."

"இருக்கட்டும்! நல்லாப் பாக்கட்டும்!"

கண்ணாடிப் பெட்டிக்கு இன்னும் பூட்டுப் போட்டிருக்கவில்லை. மூடியைத் தூக்கினேன். விற்பனைக்கு அடுக்கியிருந்த துண்டுகளில் இரண்டை எடுத்து, மோலியை ஒன்றிலும் பிரின்ஸை இன்னொன்றிலும் சுற்றினேன்.

"ரீட்டா, அது பப்போட சொத்து."

"இது கான்சிடைன் வீட்டுக் குதிரை. இது எங்கம்மா வீட்டுக் குதிரை. உங்க வீட்டுக் குதிரை அதோ உள்ளயே இருக்கு, தொடல. அதை நீயே வெச்சு அழகு பாரு."

"இப்படிப் போனா திரும்பி வேலைக்கு வர முடியாது."

"சூப் அடுப்புல இருக்கு. அடி பிடிக்காமக் கிளறு," என்று கரண்டியை அவன் கையில் கொடுத்தேன்.

என் வண்டியில் நாலு பேரும் ஏறினோம், மடியில் குதிரைத் தலைகளோடு. என் வீட்டு வாசலில் இறங்கும்போது மர்ட்டி டீலியாவின் முன்னால் வந்து நின்று, "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றான்.

"சொன்னா மெதுவா வாசிப்பே."

வாசிக்க மாட்டேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத மடையன், தலையைக் குனிந்துகொண்டான்.

என் வீட்டுச் சமையலறை பழசு, தரையெல்லாம் கல். மறுநாள் மர்ட்டியும் ஜோசியும் கடப்பாரை கொண்டுவந்து அடுப்போரத்துக் கல்லைப் புரட்டி, முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினார்கள். டால்ட்டி பப்பின் கல்லில் இந்தக் கல் பாதிதான் இருக்கும். குழிக்குள் மோலியையும் பிரின்ஸையும் முகம் மேலே பார்க்க வைத்து மூடினோம்.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று பேரும் வந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பப்பைப் பார்த்து இரண்டு பஸ் போனது. அங்கே இப்போது டவுனிலிருந்து வந்த இரண்டு பேர் மைக்கில் வாசிக்கிறார்களாம், நாற்காலியைச் சுற்றிக் கயிறு மறுபடி கட்டியாயிற்றாம். டீலியா எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லையாம். துண்டு மட்டும் முன்னைவிட நன்றாகப் போகிறதாம். இதையெல்லாம் சொல்ல வந்த தபால்காரரையும் சேர்த்துத் திட்டி அனுப்பினேன், பாவம்.

அவர் போன பத்தாவது நிமிஷம் கதவு தட்டுகிற சத்தம். ஃபின்டன். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். கையில் உருளைக்கிழங்குச் சாக்கு. திறந்து காட்டினான். மூன்றாவது தலை.

"கல்லு?" என்று கேட்டேன்.

"அதைச் சிமென்ட் வெச்சு ஒட்டிட்டாங்க, ரீட்டா. எடுத்தா உடைஞ்சுடும். இதுதான் என்னால முடிஞ்சது."

எங்கள் ஊரில் வாசலில் வந்து நிற்பவன் ஜப்தி செய்ய வந்த அமீனாவாக இருந்தாலும் உள்ளே கூப்பிட்டு டீ கொடுப்போம். கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது, அவனுக்கும் கேட்டிருக்கும். டீ வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. அதன் அர்த்தம் அவனுக்குத் தெரியும். இந்த ஊர்ப் பையன்தானே.

டீலியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பஸ்ஸில் சேட்டை செய்கிற பிள்ளையை அப்படித்தான் பார்ப்பாள். "அடுப்புப் பக்கமா கீழ வெச்சுட்டுப் போ," என்றாள். வைத்துவிட்டுப் போனான். கல்லை இன்னொரு முறை புரட்டி அதையும் உள்ளே வைத்தோம்.

மூன்று பேரும் முழங்கால் இடிக்க வட்டமாக உட்கார்ந்தார்கள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. டீலியா செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு பாதத்தையும் கல்லில் பதித்தாள். மர்ட்டி ஒரு தட்டுத் தட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொன்று தட்டினான். நான் கெட்டிலை அணைத்தேன்.

"பாதிதான் வருது," என்றாள்.

மர்ட்டி பிடிலைத் தோளில் வைத்தவன் வில்லை எடுக்காமலே இருந்தான். டீலியா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

"பாதி போதும். எப்பவும் வாசிக்கற வேகம். கொஞ்சம் மெதுவா வாசிச்சே, மர்ட்டி, இந்தக் குழிக்குள்ள நாலாவது தலை உன்னோடதுதான்."

மர்ட்டி கையின் பின்பக்கத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவள் கோபப்படுகிற அளவுக்கு வேகமாக ஆரம்பித்தான்.